கேள்வி பதில்: 105 பாயின்ட் எடுத்த அக்கா

போன இதழில் பெண்கள் கூடைப்பந்து பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே செரில் மில்லர் என்று ஒரு பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் தாவியது தப்பு என்று தெரிகிறது. ஆட்டக்காரர், கோச், டிவி வர்ணனையாளர் என்று மூன்று வேலையும் பார்த்தவரை ஒரே வரியில் கடந்துபோனது ஏன் என்று பாதிப் பேர், யார் இந்த அம்மா என்று மீதிப் பேர். அதனால் இந்த வாரம் முழுக்க அவர்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ரெஜி மில்லரைத் தெரியும். இண்டியானா பேஸர்ஸ், கடைசி நிமிடத்தில் தூரத்திலிருந்து போடுகிற மூன்று பாயின்ட், எல்லாம் பார்த்திருக்கிறேன். அவருடைய அக்கா அவரைவிட நன்றாக ஆடுவார் என்பது உண்மையா, குடும்பப் பெருமையா?

பதில்: உண்மைதான், அதைச் சொல்லிக்கொண்டு திரிவதும் ரெஜியேதான். செரில் பிறந்தது 1964 ஜனவரி 3, கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில். தம்பி ஒன்றரை வயது இளையவர். இன்னொரு சகோதரர் டேரல், பேஸ்பால் ஆட்டக்காரர், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியில் கேட்சராக இருந்தார். ரெஜிக்குச் சின்ன வயதில் இடுப்பில் கோளாறு, காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டுதான் நடந்தார். அந்தத் தம்பிக்கு வீட்டுக் கொல்லையில் கிடைத்த முதல் எதிராளி இந்த அக்கா. எந்தப் பந்தை எறிந்தாலும் தட்டிவிடுவார். அக்காவின் கைக்கு மேலே போகவேண்டும் என்றே பந்தை உயர உயரத் தூக்கி எறியப் பழகினேன் என்று ரெஜி சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூட நாளில் ஒருநாள் ரெஜி ஒரு மேட்சில் 39 பாயின்ட் எடுத்துவிட்டு, வீடே அதிரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அக்காவுக்கும் அன்று மேட்ச். நீ எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டால், 105 என்கிறார். ஒரே மேட்சில். 1982 ஜனவரி மாதம். பாவம், அந்த 39-ஐ அதற்கப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்.

கேள்வி: அந்த மேட்சின் ஸ்கோர் 179-15 என்று படித்தேன். இது விளையாட்டா, அடாவடியா?

பதில்: எனக்கும் அந்த ஸ்கோரைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம்தான். எதிரணியில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். செரில் ஆடிய ரிவர்சைட் பாலி பள்ளி அவருடைய நான்கு வருடத்தில் 132 மேட்ச் ஜெயித்து, வெறும் 4 மேட்ச் தோற்றது. சமமான எதிராளியே கிடைக்காத காலம் அது. பெண்கள் விளையாட்டுக்கும் சம வாய்ப்பு தரவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1972-இல்தான். பத்து வருடத்தில் சில பள்ளிகள் எங்கேயோ போய்விட்டன, பல பள்ளிகள் அப்போதுதான் பந்தைக் கையில் எடுத்திருந்தன. அந்த இடைவெளிதான் 179-15.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1990-இல் அதே கலிபோர்னியாவில் லிசா லெஸ்லி என்ற பெண் ஒரு மேட்சின் முதல் பாதியிலேயே 101 பாயின்ட் எடுத்துவிட்டார். இன்னும் 5 எடுத்தால் செரிலின் கணக்கு முறிந்துவிடும். ஆனால் இடைவேளைக்கு அப்புறம் எதிரணி கோர்ட்டுக்குத் திரும்பி வரவே இல்லை, போதுமடா சாமி என்று கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 105-ஐத் தாண்டியது பிறகு 2006-இல், நியூயார்க்கின் எபிஃபனி பிரின்ஸ், 113 பாயின்ட். லிசா லெஸ்லியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.

கேள்வி: இன்றைய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் கல்லூரியில் 3,951 பாயின்ட் எடுத்திருக்கிறார். செரில் மில்லர் 3,018. அப்புறம் ஏன் பழையவர்கள் செரில்தான் பெரியவர் என்று அடம்பிடிக்கிறார்கள்?

பதில்: பழையவர்கள் அடம்பிடிப்பது இயல்பு, நானும் அந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் இதில் கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. செரில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (இனி யு.எஸ்.சி. என்றே சொல்கிறேன், கை வலிக்கிறது) ஆடியது 1982 முதல் 1986 வரை. பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று பாயின்ட் கோடு வந்தது 1987-88 சீசனில். அதாவது எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் செரிலுக்கு இரண்டுதான். கிளார்க் கல்லூரியில் போட்ட மூன்று பாயின்ட்கள் 548. அவற்றையெல்லாம் இரண்டு இரண்டாக எண்ணினால் அவருடைய மொத்தம் 3,403 ஆகிறது. கிளார்க் ஆடியது 139 மேட்ச், செரில் 128. மேட்சுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், கிளார்க்குக்குச் சுமார் 24.5, செரிலுக்கு 23.6. வித்தியாசம் ஒரு பாயின்ட்கூட இல்லை. கிளார்க் அப்போதும் முன்னால்தான் இருக்கிறார், அதை மறைக்கவில்லை.

அப்புறம், செரில் உயரம் 6 அடி 2 அங்குலம், கூடைக்குக் கீழே நின்று மோதி ஆடுகிறவர். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்தைப் பிடிப்பது) மட்டும் 1,534, மேட்சுக்குப் பன்னிரண்டு. முதல் இரண்டு சீசன் அவர் ஆடியது ஆண்கள் பயன்படுத்துகிற பெரிய பந்தில். சுற்றளவில் ஓர் அங்குலம் சிறிய பந்து கல்லூரிப் பெண்களுக்கு வந்தது 1984-85-இல். இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்துவதே சரியில்லை. கிளார்க் தூரத்திலிருந்து கொல்கிறவர், செரில் பக்கத்தில் வந்து கொல்கிறவர்.

பெரிய பந்திலேயே வந்தவைதான் அவருடைய இரண்டு கல்லூரிச் சாம்பியன் பட்டங்களும். 1983 இறுதி ஆட்டத்தில் லூசியானா டெக்கை 69-67 என்று மயிரிழையில் ஜெயித்தார்கள், செரில் 27 பாயின்ட். 1984-இல் டென்னஸியை 72-61. அந்த டென்னஸியின் கோச் பாட் சம்மிட். அதே வருடம் கோடையில் செரிலுக்கு ஒலிம்பிக் கோச்சும் அவரே. நம்மைத் தோற்கடித்த பெண்ணை நம்பியே தங்கம் வாங்கவேண்டிய நிலைமை ஒரு கோச்சுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது, இனி இவளை எதிர்த்து வியூகம் போடவேண்டாமே.

கேள்வி: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை சோவியத் புறக்கணித்தது. அந்தத் தங்கத்துக்கு என்ன மதிப்பு?

பதில்: நல்ல கிடுக்கிப்பிடி. பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1976-இல். அந்த முறையும் 1980-லும் தங்கம் சோவியத்துக்கு. 1983 உலகக் கோப்பை இறுதியிலும் அமெரிக்கா 84-82 என்று அவர்களிடம் தோற்றது, செரில் அந்த அணியில் இருந்தார். அப்படிப்பட்ட அணி வராத ஒலிம்பிக்கில் தென்கொரியாவை 85-55 என்று ஜெயித்து வாங்கிய தங்கம் என்றால் ஒரு முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும். அமெரிக்கப் பெண்களுக்கு அது முதல் தங்கம், செரில் மேட்சுக்கு 16.5 பாயின்ட் எடுத்தார், இருந்தாலும் முணுமுணுப்பு.

அது 1986-இல் அடங்கியது, அதுவும் மாஸ்கோவில். முதலில் நல்லெண்ண விளையாட்டுப் போட்டி, சோவியத்துக்கு எதிராக 83-60. அடுத்து உலகக் கோப்பை இறுதி, 108-88. அவர்கள் ஊரில், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால், ஒரே கோடையில் இரண்டு முறை. இரண்டு அணியிலும் செரில் இருந்தார். என்னைக் கேட்டால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் உச்சம் அந்தக் கோடைதான், லாஸ் ஏஞ்சல்ஸ் அல்ல. துரதிர்ஷ்டம், அது முடிவுக்கும் மிகப் பக்கத்தில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 22.

கேள்வி: அதைத்தான் கேட்க வந்தேன். 22 வயதில் உலகச் சாம்பியன், அப்புறம் ஏன் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட இல்லை? சோம்பலா, திமிரா?

பதில்: சோம்பல், திமிர் என்று நீங்களே இரண்டு விடை கொடுத்துவிட்டீர்கள், இரண்டும் தப்பு. ஆடுவதற்கு இடம் இல்லை. அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் 1978-இல் தொடங்கி 1981-இலேயே மூடப்பட்டுவிட்டது, செரில் அப்போது பள்ளியில் இருந்தார். சொல்லும்படியான அடுத்த லீக்குகள் வர 1996, 97 ஆயிற்று. நடுவில் பதினைந்து வருடம் நிலைத்து நின்ற லீக் ஒன்றுகூட இல்லை, அந்தப் பதினைந்து வருடத்தின் நட்டநடுவில் போய் இவர் கல்லூரி முடித்தார். வருடத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருதை மூன்று முறை வாங்கியவர், 31-ஆம் எண் சட்டையை இனி யாரும் போடக்கூடாது என்று கல்லூரியே ஓய்வு கொடுத்து மாட்டிவைத்துவிட்டது, ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போக ஓர் அணி கிடையாது. ஆண்களுக்கான ஒரு சின்ன லீக்கின் தேர்வுப் பட்டியலில்கூட அவர் பெயர் வந்தது. அதுவெல்லாம் செய்தித்தாளுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது.

வெளிநாடு போயிருக்கலாம் என்பீர்கள். போனவர்கள் உண்டு. யு.எஸ்.சி.யில் செரிலோடு ஆடிய சிந்தியா கூப்பர் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். செரிலுக்கு அந்தக் கதவும் மூடியது, முழங்காலால். 1987-இல் முட்டி ஜவ்வு கிழிந்தது, 1988 சியோல் ஒலிம்பிக் போயிற்று. அந்தக் காலத்தில் அந்தக் காயம் என்றால் பழைய கால் திரும்பி வருமா என்பதே சந்தேகம். செரிலின் கால் அவருக்கு வேண்டிய அளவுக்குத் திரும்பி வரவில்லை.

2025 மார்ச்சில் அதே யு.எஸ்.சி.யின் ஜூஜூ வாட்கின்ஸ் மேட்ச் நடுவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது எனக்கு முதலில் செரில் ஞாபகம்தான் வந்தது. அதே காயம்தான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு இப்போது தேர்ந்த அறுவை சிகிச்சை இருக்கிறது, மாதக்கணக்கில் கூடவே நிற்கிற மருத்துவக் குழு இருக்கிறது, எழுந்து வந்தால் ஆட ஒரு லீக் காத்துக்கொண்டும் இருக்கிறது.

கேள்வி: யு.எஸ்.சி.க்கு அவர் கோச்சாக வந்ததில் ஏதோ சர்ச்சை என்று என் கல்லூரி நண்பர் சொன்னார். என்ன அது?

பதில்: செரிலைப் பிடித்தவர்கள் (நான் உட்பட) இந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடப் பார்ப்பார்கள். தாண்டக்கூடாது.

அவருக்கு முன் அங்கே கோச்சாக இருந்தவர் மேரியன் ஸ்டான்லி. சாதாரண ஆள் இல்லை, ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். 1993-இல் ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் அவருடைய அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 62,000 டாலர். ஆண்கள் அணியின் கோச் ஜார்ஜ் ராவ்லிங்குக்கு எவ்வளவு கொடுக்கிறீர்களோ அதே சம்பளம் எனக்கும் வேண்டும் என்று கேட்டார். நிர்வாகம் ஏற்றிக் கொடுக்கத் தயார், ஆனால் சமமாக அல்ல. பேச்சு முறிந்தது, வேலை போனது, ஸ்டான்லி 80 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஆண்கள் அணிக் கோச்சின் வேலையில் பணம் திரட்டுவது, விளம்பரத்துக்குப் போவது என்று கூடுதல் பொறுப்புகள் உண்டு, அனுபவமும் தகுதியும் வேறு, ஆகவே சமம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய் ஸ்டான்லி தோற்றார். வழக்கு முடிய 1999 ஆயிற்று.

அந்த நாற்காலியில்தான் 29 வயது செரில் வந்து உட்கார்ந்தார். அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அவர் செய்தது சரியா? சம உரிமைக்காக ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் இடத்தில் போய் உட்காருவது எனக்கு உறுத்துகிறது. அதே சமயம், ஏழு வருடமாக ஆட இடமில்லாமல் இருந்த ஒரு பெண்ணைத் தாய்வீடு மாதிரியான கல்லூரி கூப்பிடும்போது, வேண்டாம் என்று சொல் என அவருக்கு மட்டும் புத்திமதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யு.எஸ்.சி.யின் சாமர்த்தியத்தைத்தான் சொல்லவேண்டும். சர்ச்சையை மூடுவதற்கு அந்த ஊர் தட்டவே முடியாத ஒரே பெயரைத் தேடி எடுத்தார்கள். சம்பளக் கேள்வியைக் கேட்க வந்த நிருபர்கள் செரிலின் பழைய ஆட்டத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போகவேண்டியதாயிற்று. ஸ்டான்லியும் அதோடு மறைந்துபோகவில்லை, வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணிக்குக் கோச்சாகி 2002-இல் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யின் சிறந்த கோச் விருதை வாங்கினார்.

செரிலின் முதல் சீசனில் யு.எஸ்.சி. 26 ஜெயித்து 4 தோற்றது, பசிபிக் கடலோரப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை வாங்கியது, தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகள் வரை போனது. அந்த அணியின் மூத்த நட்சத்திரம் யார் தெரியுமா? அந்த 101 பாயின்ட் லிசா லெஸ்லி. புதிதாகச் சேர்ந்த பெண் டீனா தாம்ப்சன், அவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே சீசன்தான், 1995-இல் விட்டுவிட்டு டிவிக்குப் போய்விட்டார்.

கேள்வி: கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் எப்போது சேர்த்தார்கள்?

பதில்: அதே 1995-இல். அவருக்கு வயது 31. கூடவே சேர்ந்தவர் ஆண்கள் ஆட்டத்தின் ஜாம்பவான் கரீம் அப்துல் ஜப்பார். தம்பி ரெஜி உள்ளே வர 2012 ஆனது. அந்த வீட்டில் இந்தக் கணக்கும் அக்கா பக்கம்தான்.

கேள்வி: டிவியில் அவர் என்ன பெரிதாகச் செய்துவிட்டார்? கோர்ட் ஓரத்தில் மைக்கோடு நிற்கிற வேலைதானே?

பதில்: அந்த ஓரத்து வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள் ஐயா. தோற்றுக்கொண்டிருக்கிற ஒரு கோச்சை நிறுத்தி, அரை நிமிடத்துக்குள், அவர் எரிந்து விழாமல், பார்க்கிறவனுக்குப் புதிதாக ஒரு விஷயத்தைப் பிடுங்க வேண்டும். டைம் அவுட்டில் யார் யாரிடம் முறைக்கிறார், பெஞ்சில் எவன் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கண் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். ஆடியவர்களுக்குத்தான் அந்தக் கண் இருக்கும். சொந்தத் தம்பியையே மைக் நீட்டிக் கேள்வி கேட்கவேண்டிய வேலையும் இவருக்கு வாய்த்தது.

ஆனால் ஓரத்து வேலை ஒன்று, வர்ணனை மேஜையில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசுகிற வேலை வேறு. அதில் ஆட்டம் நடக்க நடக்க இந்த பாஸ் ஏன் தப்பு, இந்த டிஃபென்ஸ் எங்கே ஓட்டை என்று சொல்லவேண்டும், அதாவது ஆண்களுக்கு அவர்கள் ஆட்டத்தை விளக்கவேண்டும். பெண்களை நேர்காணல் எடுக்க விட்டவர்கள் அந்த மேஜைக்கு மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். 1996 நவம்பரில் நாடு முழுக்க ஒளிபரப்பான ஒரு என்.பி.ஏ. (ஆண்கள் தொழில்முறை லீக்) மேட்சை முதன்முதலாக ஒரு பெண் அலசினார், அவர் செரில் மில்லர். ஏ.பி.சி., ஈ.எஸ்.பி.என். என்று ஆரம்பித்து டர்னர் சேனல்களில் நிலைத்தவர்.

அவர் குரல் எனக்குப் பிடிக்கும். நளினமான குரல் இல்லை, மேட்ச் சூடுபிடித்தால் இவரும் சூடாகிவிடுவார். டிவிக்கு அது குறை என்பவர்கள் உண்டு. கோர்ட்டில் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் குதித்தவர் மைக் முன்னால் வந்ததும் பூனையாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கேள்வி: ஃபீனிக்ஸ் மெர்குரி அணியை அவரால் ஜெயிக்க வைக்க முடியவில்லையே. நல்ல ஆட்டக்காரர் நல்ல கோச் ஆகமாட்டார் என்பது இதில் நிரூபணமாகிறதா?

பதில்: ஆகவில்லை. 1997-இல் டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது இருந்தது மொத்தம் எட்டு அணி. ஃபீனிக்ஸுக்கு கோச்சும் இவர், ஜெனரல் மேனேஜரும் இவர், அதாவது ஆளைப் பிடிப்பவரும் ஆட வைப்பவரும் ஒரே ஆள். ஆஸ்திரேலியாவின் மிஷெல் டிம்ஸ், ஜெனிஃபர் கில்லம், அப்புறம் 39 வயது நான்சி லீபர்மன். முதல் வருடம் 16 ஜெயித்து 12 தோல்வி, மேற்குப் பகுதியில் முதலிடம். இரண்டாம் வருடம் இறுதிப் போட்டி.

எதிரே ஹூஸ்டன் காமெட்ஸ். அந்த அணியில் இருந்த பெயர்களைக் கேளுங்கள். சிந்தியா கூப்பர், அதாவது யு.எஸ்.சி.யில் செரில் நட்சத்திரமாக இருந்தபோது நிழலில் நின்றவர், ஐரோப்பாவில் பத்து வருடம் உழைத்துவிட்டு 34 வயதில் திரும்பி வந்து லீக்கின் முதல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனவர். பக்கத்தில் டீனா தாம்ப்சன், செரிலே கல்லூரியில் பயிற்சி கொடுத்த பெண். போதாததற்கு ஷெரில் ஸ்வூப்ஸ். மூன்று மேட்ச் தொடரில் முதல் மேட்ச் 54-51, ஃபீனிக்ஸ் ஜெயித்தது. இன்னும் ஒன்று ஜெயித்தால் பட்டம். இரண்டாவது மேட்ச் ஓவர்டைம் வரை போய் 74-69 தோல்வி. மூன்றாவது 80-71, அதுவும் தோல்வி. ஹூஸ்டன் முதல் நான்கு வருடமும் யாருக்கும் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அவர்களிடம் தோற்காதவர்கள் யார்?

எனக்கு அந்தத் தொடரில் ஸ்கோரைவிட பெஞ்சில் நிற்கிற செரில்தான் கண்ணில் நிற்கிறார். அவருக்கு 34 வயது, கூப்பருக்கு 35. கூப்பர் அவரைவிட மூத்தவர், ஆனால் கூப்பர் ஆடுகிறார், இவர் ஓரத்தில் நின்று கத்துகிறார். ஒரு முழங்கால் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் இடம் மாறியிருக்கும். இதை அவர் சொல்லிப் புலம்பி நான் கேட்டதில்லை, புலம்புவது நான்தான்.

2000 சீசன் முடிந்ததும் களைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு விலகினார். அவருக்கு அடுத்து ஃபீனிக்ஸுக்குக் கோச்சாக வந்தவர் யார்? சிந்தியா கூப்பர். அதோடு விட்டாரா, 2013-இல் யு.எஸ்.சி. கோச்சாகவும் வந்தார். கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

கேள்வி: ஆடி முடித்து, கோச்சாகி, டிவியிலும் பேசியவர்கள் வேறு யாராவது?

பதில்: உண்டு, ஆனால் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். ஆன் மேயர்ஸுக்கு 1979-இல் இண்டியானா பேஸர்ஸ் ஆண்கள் அணியே 50,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டுச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தது, அணியில் எடுக்கவில்லை, பிறகு டிவிக்குப் போனார், பல வருடம் கழித்து ஃபீனிக்ஸ் மெர்குரிக்கு ஜெனரல் மேனேஜர் ஆனார். மேலே சொன்ன லீபர்மன் டெட்ராய்ட் அணிக்குக் கோச், பிறகு என்.பி.ஏ.யின் கீழ்நிலை லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆண்கள் அணிக்கே தலைமைக் கோச், நடுவில் 2008-இல் 50 வயதில் ஒரு மேட்ச் ஆடிவிட்டும் வந்தார். கேரா லாசன் தலைகீழ், ஆட்டம், பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம், ஈ.எஸ்.பி.என். மைக், அதற்கப்புறம்தான் பாஸ்டன் செல்டிக்ஸில் உதவிக் கோச், 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச். டிவியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆட்டத்தை அலசியது கோச் வேலைக்கு நல்ல பயிற்சி என்பது என் எண்ணம், லாசனைப் பார்த்தால் அது உறுதியாகிறது.

கேள்வி: இப்போது எங்கே இருக்கிறார்? ஓய்வா?

பதில்: ஓய்வு எடுக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை. டிவியில் வசதியாக இருந்தவர் 2014-இல் ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன் என்ற சிறிய கல்லூரிக்குக் கோச்சாகப் போனார். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி, பெரிய அரங்கமோ டிவி வெளிச்சமோ கிடையாது. எதற்கு இந்த வேலை என்று அப்போது எனக்கே தோன்றியது. 2016-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார், அது இரண்டாம் நிலைக் கல்லூரி ஆட்டம்தான். கோச் என்றால் கோச், அணி பெரிதா சிறிதா என்று பார்க்கவில்லை.

2024 ஜூலையில் டபிள்யூ.என்.பி.ஏ. ஆல்-ஸ்டார் மேட்ச் ஃபீனிக்ஸில் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அமெரிக்க அணி ஒரு பக்கம், லீக்கின் மற்ற நட்சத்திரங்கள் இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்துக்கு கோச் செரில் மில்லர். கெய்ட்லின் கிளார்க், ஏஞ்சல் ரீஸ் இரண்டு பேரும் அவர் அணியில். ஒலிம்பிக் அணியை 117-109 என்று தோற்கடித்து அனுப்பினார்கள், அரீகே ஒகுன்பொவாலே மட்டும் 34 பாயின்ட். 60 வயது, அதே ஃபீனிக்ஸ், அதே ஓரம். டைம் அவுட்டில் கிளார்க்கிடம் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை. மூன்று பாயின்ட் கோடு இல்லாத காலத்துக் கதையை நிச்சயம் ஒரு தடவையாவது எடுத்துவிட்டிருப்பார்.